சீல் உடையாத பெட்டி

எங்கள் வீட்டில் உறை போடாத பொருள் என்று ஒன்று உண்டென்றால் அது நான்தான். ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு உறை, வாஷிங் மெஷினுக்கு உறை, டிவி ரிமோட்டுக்கு உறை, அந்த ரிமோட்டைப் போட்டு வைக்கிற கூடைக்கும் ஓர் உறை. என் மனைவிக்குத் திரைச்சீலையும் சோபா உறையும் தைத்துக் கொடுக்கும் தொழில். மிஞ்சின துணியை வீணாக்க அவளுக்கு மனசு வராது. ஹாலில் சாப்பாட்டு மேஜைக்கும் டிவிக்கும் நடுவில் அவளுடைய தையல் மெஷின் நிற்கிறது. சாப்பிட வருகிறவன் துணிக் குவியலைத் தாண்டி, நாற்காலியில் ஊசி கிடக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

இத்தனைக்கும் பின்னறை ஒன்று காலியாகக் கிடந்தது. காலியாக என்றால், அதில் நான் இருந்தேன்.

எனக்குத் தராசு சரிபார்க்கும் அலுவலகத்தில் வேலை. கடை கடையாகப் போய் எடைபோட்டுப் பார்ப்பேன். தராசு யோக்கியமாக இருந்தால் திருகாணி வழியே மெல்லிய கம்பியைக் கோத்து, ஈயக் குண்டில் நசுக்கி, சீல் வைத்துவிட்டு வருவேன். யாரையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வேலை முடிந்து வந்தால் எனக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டும். மீன் வளர்த்தேன், பாதியில் விட்டேன். டெலஸ்கோப் வாங்கினேன், அது இப்போது குடைகளோடு நிற்கிறது, உறை போட்டுக்கொண்டு. ஒரு மர அலமாரி செய்ய ஆரம்பித்தேன். அதற்கு இன்றுவரை மூன்று கால்தான். இதையெல்லாம் என் மனைவி மறந்துவிட்டாள் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று அர்த்தம்.

கடைசியாகப் பிடித்தது மாடுலர் சிந்தசைசர். அது ஓர் இசைக்கருவி, பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். இரும்புச் சட்டம் ஒன்று. அதில் வரிசையாகச் சின்னச் சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வேலை. ஒன்று சத்தத்தை உண்டாக்கும், ஒன்று வடிகட்டும், ஒன்று கூட்டிக் குறைக்கும். எந்தப் பெட்டி எந்தப் பெட்டியோடு பேச வேண்டும் என்பதை நாம்தான் ஒயர் செருகிச் சொல்ல வேண்டும். மற்றதையெல்லாம் ரெடிமேடாக வாங்கிவிட்டு, சத்தத்தை உண்டாக்கும் அந்த முதல் பெட்டியை மட்டும் நானே செய்வது என்று பிடிவாதமாக உட்கார்ந்தேன். ஆபீசிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றிய வேகத்தில் பின்னறைக்குள் போய்விடுவேன். என் மனைவி அதற்கு 'சின்ன வீடு' என்று பெயர் வைத்தாள்.

"எங்க அவரு?" என்று யாராவது கேட்டால், "சின்ன வீட்டுல இருக்காரு" என்பாள். புதிதாக வருகிறவர்கள் அவளை ரொம்பப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அவள் விளக்கம் சொல்லவே மாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாடகக்கார அம்மா ஒருவர், மேடைத் திரை தைக்கக் கொடுக்க வந்தார். அளவு சொல்லிக்கொண்டிருந்தவர் பின்னறையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு எட்டிப் பார்த்தார். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தவள் என் மனைவிதான். அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

"எங்க நாடகத்துல ஒரு கட்டம் இருக்கு சார்," என்றார் அந்த அம்மா. "ஒருத்தி வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா. மேடையில ஒண்ணுமே நடக்காது. அப்போ ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் வரணும். எப்போ ஆரம்பிச்சதுன்னே ஜனங்களுக்குத் தெரியக்கூடாது. போன தடவை ஒருத்தர் வந்தாரு. ஸ்பீக்கரைப் போட்டதுமே ஊன்னு இரைச்சல். ஏசி ரிப்பேர்னு நினைச்சு பாதிப் பேரு இடம் மாறி உக்காந்துட்டாங்க."

"என் பெட்டியில இரைச்சலே இருக்காதுங்க," என்றேன். பெட்டி அப்போது முடியவே இல்லை. நீங்கள் கேட்ட சத்தம் சோதனைக்காக இரவல் வாங்கி மாட்டியிருந்த பெட்டியின் சத்தம் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

"அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில வர்றேன். கேட்டுட்டு முடிவு பண்ணலாம்," என்று போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் என் மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தால் விஷயம் பெரிது.

"இங்க பாருங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள இது இரைச்சல் இல்லாம ஓடி, அந்தம்மா எடுத்துக்கிட்டாங்கன்னா அந்த ரூம் உங்களுது. நான் வாயே தொறக்க மாட்டேன். இதுவும் டெலஸ்கோப் மாதிரி குடையோட போய் நின்னுதுன்னா, திங்கக்கிழமை என் மெஷின் அங்க போகுது. சரியா?"

"சரி," என்றேன். வேறென்ன சொல்வது?

எனக்கு அந்த அறை வேண்டும், அது உண்மை. அதைவிடப் பெரிய உண்மை ஒன்று இருந்தது. என் வாழ்க்கையில் ஒரு பொருளையாவது முடித்துக் காட்ட வேண்டும் என்று இருந்தது. மூன்று கால் அலமாரியைத் தினமும் கடந்து போகிற மனிதனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

அன்று ராத்திரிக்குள்ளேயே பெட்டியை முடித்துச் சட்டத்தில் மாட்டி ஸ்பீக்கரைப் போட்டேன். 'கீ...ங்' என்று கொசு மாதிரி ஒரு சத்தம். மறுநாள் மாலை கழற்றிப் பார்த்தால் உள்ளே கெப்பாசிட்டர் என்கிற குட்டி உதிரிப் பாகத்தின் ஒரு கம்பிக் காலை ஈயம் வைத்துப் பற்றவைக்கவே மறந்திருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டு பற்றவைத்தேன். எங்களோடேயே இருக்கும் என் மாமனார் தூங்கப் போய்விட்டதால் ஸ்பீக்கரைப் போட்டுப் பார்க்கவில்லை. அந்த ஒரு மரியாதைதான் எனக்கு வினையாக முடிந்தது.

செவ்வாய்க்கிழமை போட்டால் 'கீங்' இல்லை. அதற்குப் பதில் 'ஊம்ம்ம்' என்று வயிற்றைப் பிசைகிற ஓர் உறுமல்.

அன்று இரவுச் சாப்பாட்டில் நான் ஒரு பிரசங்கமே செய்தேன். கேட்டவர்கள் மூன்று பேர். ஒருத்தி என் மனைவி. இன்னொருவர் அவளுடைய அப்பா, என் மாமனார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் பேனா வைக்கிற இடத்தில் சின்ன எண்ணெய்க் குப்பி வைத்திருப்பார். எதுவும் கிறீச்சிட்டால் அவருக்குத் தாங்காது. எங்கள் வீட்டில் எந்தக் கதவும் சத்தம் போடாது, ஆள் பின்னால் வந்து நிற்பதுகூடத் தெரியாது. மூன்றாவது ஆள் மாடியில் குடியிருக்கும் அவளுடைய தம்பி, என் மச்சான். வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறான். கரன்ட்டைக் கண்டால் அவனுக்குப் பக்தி கலந்த பயம். எர்த் இல்லாத இரும்பு அவன் கண்ணில் பட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. எங்கள் கட்டிலுக்கு எர்த் உண்டு. ஜன்னல் கம்பிக்கு உண்டு. துணி காயப்போடும் கம்பிக்கும் உண்டு.

"ஒரு கோளாறைக் கண்டுபிடிக்கணும்னா ஒரே ஒரு சட்டம்தான்," என்றேன், விரலை உயர்த்தி. "ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும்தான் மாத்தணும். மாத்திட்டுக் கேக்கணும். ரெண்டை மாத்தினா எது காரணம்னு தெரியாம போயிடும். புரியுதா?"

"புரியுது மாப்பிள்ளை," என்றார் மாமனார். மூன்று பேரும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினார்கள். சொந்த வீட்டில் என் பேச்சை மூன்று பேர் ஒரே நேரத்தில் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"இன்னொண்ணு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் யாரும் அந்த ரூம் பக்கமே வரக்கூடாது."

அதற்கும் தலையாட்டினார்கள்.

புதன்கிழமை சிப்பை மாற்றினேன். உறுமல் அசையவில்லை. அடாப்டரை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், ஸ்பீக்கரைத் திருப்பி வைத்தேன். ஊம்ம். அந்தக் கோபத்தில், பெட்டியின் முகப்பில் சத்தத்தைக் கூட்டும் குமிழைத் திருகியபோது லேசாகக் 'கறக்' என்றது. அதையும் சாப்பாட்டில் புலம்பினேன். "பாழாப்போன குமிழ் வேற திருகினா கறகறங்குது."

மறுநாள் வந்து திருகினால் கறகறப்பு லேசாக இல்லை, ஓட்டு வீட்டின் மேல் கல்மழை பெய்கிற மாதிரி இருந்தது. சில இடத்தில் சத்தமே செத்துப்போய்த் திரும்ப வந்தது. நான் குமிழைத் திருகினேனே தவிர கழற்றவே இல்லை, என் மாற்றப் பட்டியலில் அது இல்லை. அப்படியென்றால் யாரோ தொட்டிருக்கிறார்கள்.

யார்?

ஆதாரம் இல்லாமல் ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லக் கூடாது. அப்படிப் பார்க்கலாம், அதற்குத் தடை இல்லை. நான் என் மனைவியை அப்படிப் பார்க்க ஆரம்பித்தேன். பெட்டி கெட்டால் லாபம் யாருக்கு? அறை யாருக்குப் போகும்? கடைத்தெருவில் இதைவிடச் சின்ன லாபத்துக்கு என்னென்ன தில்லுமுல்லு செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். அவளோ ஒன்றும் தெரியாதவள் மாதிரி எனக்குச் சாதம் போட்டாள். "ஏன் அப்படிப் பாக்கறீங்க?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல," என்றேன், கேஸ் கட்டு தயாரிக்கிற வக்கீல் மாதிரி.

அன்றே நான் என் தொழிலைக் காட்டினேன். பெட்டியின் நான்கு திருகாணியிலும் கம்பி கோத்து, ஈயம் நசுக்கி, சீல் வைத்தேன். அலுவலக சீல் இல்லை, அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் வேலை போய்விடும். என் சட்டைப் பொத்தானை அழுத்தி எடுத்த அச்சு. இனி ஒருத்தர் திறந்தால் தெரிந்துவிடும். நிம்மதியாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை சீல் அப்படியே இருந்தது. சத்தமும் அப்படியே இருந்தது. உறுமல், கறகறப்பு, இரண்டும் சுகம். நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

"என்னதாங்க ஆச்சு அதுக்கு?" என்றாள் மனைவி.

"வெளியில இருக்கிற இரைச்சல் எல்லாம் உள்ள போகுதுபோல. செல்போன், டியூப் லைட்டு, எல்லாம். மேல ஏதாவது தகடு மாதிரி மூடினாத்தான் சரியாகும். எனக்கு ஒண்ணும் புரியல," என்று தலையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டுவிட்டுத் துணிக் குவியல் பக்கம் போனாள். மனசாட்சி குத்துகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மாலை போட்டால், ஊம்ம், கறகற, இவற்றோடு புதிதாக 'சட சட சட' என்று ஒன்று. சூடான கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி. சீலைப் பார்த்தேன். நான்கும் பத்திரமாக, என் பொத்தானின் நான்கு ஓட்டையோடு பளபளவென்று இருந்தன.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அன்று கொஞ்சம் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தேன். அழுகை வந்தது என்றுகூடச் சொல்லலாம். யார் பார்க்கப் போகிறார்கள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், சத்தமில்லாத அந்தக் கதவைத் திறந்துகொண்டு மாமனார் நிற்கிறார்.

"குமிழ் இப்போ பரவால்லையா மாப்பிள்ளை?" என்றார்.

"மோசமா இருக்கு மாமா."

"அப்படியா?" என்று முகம் சுருங்கிப் போய்த் திரும்பிவிட்டார். என் துக்கத்தில் பங்கு கொள்கிறார் என்று எனக்கு அவர்மேல் பாசமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாடகக்கார அம்மா சொன்னதைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார். எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் எல்லோரும் கூடிவிடுவார்கள். மச்சான் டீ குடிக்க என்று இறங்கி வந்து, டம்ளரோடு பின்னறை வாசலில் நின்றான். மாமனார் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். என் மனைவி கதவோரமாக, கழுத்தில் டேப்பைப் போட்டபடி. தீர்ப்பு கேட்க வந்தவள்.

ஸ்பீக்கரைப் போட்டேன்.

ஊம்ம்ம். சடசட. குமிழைத் தொட்டதும் கறகறகற.

நாடகக்கார அம்மா நாகரிகமானவர். டீயை ஒரு வாய் குடித்தார். பிறகு, "இதெல்லாம் சேந்துதான் அந்த ஸ்வரமா சார்?" என்றார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "இது என் பெட்டியோட சத்தம் இல்லம்மா! யாரோ கை வெச்சிருக்காங்க. யாருன்னும் எனக்குத் தெரியும்," என்று மனைவியை முறைத்தேன்.

அவள் முகம் வெளிறியது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரே வெற்றிக் களிப்பு. அந்தக் களிப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே ஓங்கி ஓர் அறை விடலாம்போல் இருக்கிறது.

"ஆனா சீல் உடையல," என்று சொல்லும்போதே எனக்கு ஒரு கடைக்காரர் ஞாபகம் வந்தார். அவர் தராசிலும் சீல் உடைந்ததே இல்லை. நானும் வருஷா வருஷம் சீலை மட்டும் பார்த்துத் திருப்தியாக வந்துகொண்டிருந்தேன். ஒருநாள் தற்செயலாகத் தராசைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தால் அடியில் ஒரு காந்தம். சீலை உடைக்கிறவன் முட்டாள். கெட்டிக்காரன் சீலைத் தொடவே மாட்டான்.

நான் இரும்புச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சுவரிலிருந்து இழுத்துத் திருப்பினேன்.

பின்பக்கத்தில் ஒரு திருகாணியிலிருந்து தடித்த பச்சை ஒயர் ஒன்று கிளம்பி, பீரோவுக்குப் பின்னால் போய், ஜன்னல் கம்பியில் அழகாக முறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. அதற்கு மேல், என் பெட்டியின் பின்புறத்துக்குத் தலையணை உறை மாதிரி ஓர் உறை. இஸ்திரி மேஜைக்குத் தைப்பார்களே, பளபளவென்று வெள்ளி பூசின துணி, அதில். விளிம்பு மடித்து, இரட்டைத் தையல். ஓரத்தில் இழுத்துக் கட்ட ஒரு நாடாகூட இருந்தது. நாடாவில் சின்னதாக ஒரு பூ முடிச்சு.

ஊம்ம் என்று ஸ்பீக்கர் மட்டும் பேசியது.

"அத்தான்," என்றான் மச்சான், டம்ளரைப் பார்த்துக்கொண்டே. "அந்த எர்த் நான்தான் குடுத்தேன். திங்கக்கிழமை ராத்திரி. பாத்தேன், பெரிய இரும்புச் சட்டம், அதுல நீங்க வேர்வைக் கையோட உக்காந்திருக்கீங்க. எனக்குத் தூக்கமே வரல. எங்க அக்கா வாழ்க்கை இல்லையா?"

"டேய்! நீயா?" என்றார் மாமனார். "நான்ல என்னாலதான்னு நேத்துலேர்ந்து தவிச்சுக்கிட்டிருக்கேன்! மாப்பிள்ளை, மன்னிச்சிடுங்க. குமிழைக் கழட்டி உள்ள எண்ணெய் விட்டது நான்தான். நீங்க கறகறங்குதுன்னு சொன்னீங்க. மனசு கேக்கல."

"உள்ள எண்ணெய் விட்டீங்களா!"

"நீங்கதானே சொன்னீங்க, ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும்னு? நானும் ஒரு சொட்டுதான் விட்டேன்."

"நானும் ஒரு ஒயர்தான் அத்தான்," என்றான் மச்சான், சட்டத்துக்குக் கட்டுப்பட்ட குடிமகன் மாதிரி.

நாடகக்கார அம்மா டீ டம்ளரை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பை அதற்குள் இறக்கிக்கொண்டிருந்தார். எல்லோரும் இப்போது என் மனைவியைப் பார்த்தோம்.

"நான் ஒரு உறைதான்," என்றாள் அவள் மெதுவாக. "வெளியில இருக்கிற சத்தம் உள்ள போகுது, தகடு மாதிரி மூடினா சரியாகும்னு நீங்கதானே சோறு திங்காம தலையைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்தீங்க. எங்கிட்ட இருக்கிற துணியில தகடு மாதிரி இருக்கிறது அது ஒண்ணுதான்."

"இது சரியாயிடுச்சுன்னா ரூம் எனக்குன்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா தெச்சே?"

அவளுக்குக் கோபம் வந்தது. "பின்ன? நீங்க தோத்து எனக்கு ரூம் கெடச்சா, அதுல உக்காந்து ஒரு தையல் ஒழுங்கா போட முடியுமா? நீங்க ஹால்ல மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டு உக்காந்திருப்பீங்க. அந்த மூணு கால் அலமாரியைப் பாக்கும்போதெல்லாம் உங்க மூஞ்சி எப்படி ஆகுதுன்னு எனக்குத் தெரியாதா? அந்தக் கண்றாவியை நான் இன்னொரு தடவை பாக்கணுமா? ரூமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். முதல்ல இதை முடிங்க."

இந்த மனுஷியைத்தான் நான் மூன்று நாளாகத் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, வேலையில் இறங்குவதுதான்.

"சரி. இப்போ ஒண்ணொண்ணா எடுக்கலாம்," என்றேன். "போட்டவங்களே எடுக்கணும்."

முதலில் உறை. அவள் நாடாவை அவிழ்த்து மெதுவாக உருவினாள். சடசட நின்றது. அந்த வெள்ளிப் பூச்சில் கரன்ட் ஓடும். அது பெட்டியின் பின்புறம் நீட்டிக்கொண்டிருந்த கம்பிக் கால்களில் பட்டும் படாமலும் உரசிக்கொண்டிருந்திருக்கிறது. தையலில் குற்றமே இல்லை. அளவு அவ்வளவு கச்சிதம், அதுதான் வினை.

அடுத்தது எர்த். மச்சான் அசையவில்லை. "ஷாக் அடிச்சா?"

"ஸ்பீக்கரோட ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்கெனவே எர்த் இருக்குடா. நீதான் குடுத்தே. பெட்டி அதோட சேந்துதான் இருக்கு. ரெண்டு வழி ஆயிட்டா கரன்ட் அதுலயே சுத்திச் சுத்தி வரும். அந்தச் சுத்துதான் இந்த ஊம்ம்."

அவன் நம்பவில்லை. டெஸ்டரை எடுத்துச் சட்டம் முழுக்க வைத்துப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, தன் வெறுங்கையை வைத்துப் பார்த்தான். எனக்கு முன்னால் அவன் செத்துப் பார்க்க வேண்டுமாம். ஒன்றும் ஆகவில்லை. ஒயரைக் கழற்றினான். உறுமல் பட்டென்று நின்றது. "அட!" என்றான், ஏமாற்றத்தோடு.

கடைசியில் குமிழ். என் சீலை நானே வெட்டிப் பெட்டியைத் திறந்தேன். குமிழுக்கு அடியில் இருந்த கன்ட்ரோல், வறுத்து எடுத்த பண்டம் போல எண்ணெயில் மின்னியது. ஒரு சொட்டாம். என்னிடம் புதிது ஒன்று இருந்தது. மாமனார் டார்ச் பிடித்தார், அவர் கையை நம்பாமல் எண்ணெய்க் குப்பியை வாங்கி நாடகக்கார அம்மாவிடம் கொடுத்து வைத்தேன். பழையதைப் பிடுங்கி, புதியதைப் பற்றவைத்து, மாட்டி, ஸ்பீக்கரைப் போட்டேன்.

எல்லோரும் காத்திருந்தோம்.

"ஆன் பண்ணலையா சார்?" என்றார் நாடகக்கார அம்மா.

"ஆன்லதாம்மா இருக்கு."

அவர் எழுந்து வந்து ஸ்பீக்கரில் காதை வைத்தார். மாமனாரும் வைத்தார். ஒன்றுமே இல்லை. கொசு இல்லை, உறுமல் இல்லை. நான் குமிழை மெல்லத் திருகினேன். எங்கேயோ ரொம்பத் தூரத்திலிருந்து கிளம்பின மாதிரி அந்த ஸ்வரம் வந்தது. எப்போது வந்தது என்று எனக்கே தெரியவில்லை. என் மனைவி டேப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திங்கட்கிழமை அந்த ஒற்றைக் காலைப் பற்றவைத்தபோதே என் பெட்டி குணமாகிவிட்டது. அதற்குப் பிறகு நான் கேட்டதெல்லாம் என் குடும்பத்தை.

"இதேதான் எனக்கு வேணும்," என்றார் நாடகக்கார அம்மா. எண்ணெய்க் குப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒத்திகைக்கு ஒரு ரெகார்டிங் அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார். மச்சான் என் முதுகில் தட்டினான். மாமனார் ஸ்டூலுக்கு எண்ணெய் விடப் போனார்.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம்.

"ரூமை நீயே எடுத்துக்க," என்றேன்.

"ஒண்ணும் வேணாம். பந்தயத்துல ஜெயிச்சது நீங்க. போனாப் போகுதுன்னு யாரும் எனக்குப் பிச்சை போட வேண்டாம்."

"பிச்சை இல்லடி. இது என் ரூம்தானே? என் ரூம்ல யாரு இருக்கணும்னு நான்தானே முடிவு பண்ணணும்?"

அவள் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து அறையை அளந்து பார்த்தாள். "ஜன்னல் பக்கம் எனக்கு," என்றாள்.

அன்று மாலையே மூன்று ஆண்கள் சேர்ந்து தையல் மெஷினைத் தூக்கினோம். மச்சான் அதற்கு ஓர் எர்த் கொடுத்தான். நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது ஹாலில் நாற்காலியைத் தடவிப் பார்க்காமல் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், பின்னறையில் இரண்டு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்கிறோம். அந்த வெள்ளி உறையை நான் தூக்கிப் போடவில்லை. டெலஸ்கோப்புக்கு அது சரியாக இருந்தது. அலமாரிக்கு நாலாவது கால் வைத்துவிட்டேன் என்பதையும் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

அந்த வாரமே நாடகக்கார அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"ரெகார்டிங் கேட்டேன் சார், பிரமாதம். நடுவுல ஒரே ஒரு இடத்துல மட்டும் டர்ர்ர்னு ஒரு இரைச்சல் வருது. எங்கேருந்து வருதுன்னு கொஞ்சம் தேடிப் பாக்கறீங்களா?"

எனக்குப் பின்னால் தையல் மெஷின் டர்ர்ர் என்று ஒரு நீளமான திரைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தது.

"தேட வேண்டாம்மா," என்றேன். "இங்கதான் உக்காந்திருக்கா."